முதலீட்டு இலக்குக் கருவி செய்யப் போகிறீர்களா? "முடியாது" என்று வரும் திரையை முதலில் வரையுங்கள்

"மகள் படிப்புக்கு மாதம் எவ்வளவு போட வேண்டும்" என்று சொல்லும் ஒரு வலைக்கருவியைச் செய்ய உட்காரும் புதியவர்கள், அது ஆபீஸ் வேலையாக இருந்தாலும் சரி, சும்மா கற்றுக்கொள்வதற்காக இருந்தாலும் சரி, பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். மூன்று ஸ்லைடர், ஒரு வட்ட வரைபடம், கீழே பச்சை நிறத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை. இப்படிப்பட்ட எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகையை முதலீடு செய்யும் முறை) கால்குலேட்டர்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, இன்னொன்று யாருக்கும் தேவையில்லை. அவற்றில் பலவும் "மாதம் 5,000 போட்டால் எவ்வளவு ஆகும்" என்பதற்குத்தான் பதில் சொல்கின்றன. வீட்டில் இருக்கும் கேள்வியோ வேறு: "இவ்வளவு தேவைப்படும், நம்மால் ஆகுமா?"

நிறையப் பேருக்கு அதற்கு வரும் முதல் பதில் "ஆகாது" என்பதுதான். அந்தப் பதில் வந்த பிறகு உங்கள் கருவி என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அது நல்ல கருவியா இல்லையா என்று தெரியும். அதனால் வேலையைப் பின்னாலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

கடைசித் திரை

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், கணினி வேண்டாம். மகளுக்கு இப்போது 6 வயது, 18 வயதில் கல்லூரி. அந்தப் படிப்புக்கு இன்றைக்கு 10 லட்சம் ஆகிறது. கல்விச் செலவு ஆண்டுக்கு 8% ஏறும், முதலீடு ஆண்டுக்கு 10% வளரும் என்று வைத்துக்கொள்வோம். 12 வருடம் கழித்துத் தேவைப்படுவது 25 லட்சத்து 18 ஆயிரம். அதற்கு மாதம் சுமார் 9,300 ரூபாய் போட வேண்டும். ஆனால் இந்தக் குடும்பத்தால் 5,000தான் முடியும்.

இங்கே சிவப்பு எழுத்தில் "இலக்கை அடைய இயலாது" என்று போட்டால் அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். அதற்குப் பதிலாக, 5,000 போட்டால் எதுவரை போகலாம் என்பதைச் சொல்லுங்கள்: சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம், அதாவது தேவையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதன் கீழே, அவர் தொட்டுப் பார்க்கக்கூடிய வழிகளை வையுங்கள்.

ஒன்று, ஆண்டுதோறும் தொகையைக் கூட்டுவது. வருடத்துக்கு 10% கூட்டிக்கொண்டே போனால் 9,300க்குப் பதில் 5,819 ரூபாயில் தொடங்கலாம். இன்னொன்று, ஏற்கெனவே கையில் இருப்பதைச் சேர்ப்பது. எஃப்டியில் 2 லட்சம் கிடந்து, அதை இதே 10% வளரும் இடத்துக்கு மாற்றத் தயார் என்றால், அது 12 வருடத்தில் சுமார் 6 லட்சத்து 28 ஆயிரமாகும், மாதத் தொகை 6,994க்கு இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொடக்கத் தொகை 4,368தான். 5,000 ரூபாய்க்குள் வந்துவிட்டது! "முடியாது" என்ற பதிலோடு வந்தவர் இரண்டே தட்டலில் "முடியும் போலிருக்கிறதே" என்று நிமிர்ந்து உட்காருகிறார். உங்கள் கருவி செய்ய வேண்டிய வேலை இதுதான்.

ஆனால் கூட்டிக்கொண்டே போகும் வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது, பல கருவிகள் அதைக் கண்ணில் காட்டுவதே இல்லை. 4,368ல் தொடங்கி ஆண்டுக்கு 10% கூட்டினால், பன்னிரண்டாவது வருடம் மாதத் தவணை கிட்டத்தட்ட 12,500 ஆகிவிடும். அதையும் தொடக்கத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். சம்பளம் வருடா வருடம் 10% ஏறும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? அதனால் அந்த விகிதத்தையும் அவரே மாற்ற முடிய வேண்டும்.

மூன்றாவது வழி தேதியைத் தள்ளிப்போடுவது. இது எல்லா இலக்குக்கும் பொருந்தாது. வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பவர் இரண்டு வருடம் பொறுக்கலாம், கல்லூரிச் சேர்க்கை யாருக்காகவும் காத்திருக்காது. ஒவ்வொரு இலக்கு வகைக்கும் "தேதி நகருமா" என்று ஒரு குறிப்பை உள்ளே வைத்துக்கொண்டு, நகராதவற்றுக்கு அந்தப் பொத்தானையே காட்டாதீர்கள். தேதி நகரும்போது விலைவாசியால் தேவைப்படும் தொகையும் சேர்ந்து ஏறும் என்பதையும் கணக்கில் மறக்க வேண்டாம்.

என்ன கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

இந்தத் திரை தாளில் உருவான பிறகு, அதற்குத் தேவையான கேள்விகள் தாமாகவே தெரிந்துவிடும். எதற்காக, எப்போது, இன்றைய விலையில் எவ்வளவு, ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு முடியும். ஐந்து போதும். ஒரு திரைக்கு ஒன்றாகக் கேட்டால் போனில் வசதி.

"எத்தனை ஆண்டுகள்" என்று நேரடியாகக் கேட்காதீர்கள். "மகளுக்கு இப்போது என்ன வயது" என்று கேட்டு, மிச்சத்தைக் கருவியே கழித்துக்கொள்ளட்டும். ஓய்வுக்காலம் என்றால் உங்கள் வயது, எந்த வயதில் வேலையை விட நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். மனிதர்கள் காலத்தை வயதாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கையிருப்புக் கேள்விதான் நம் ஊரில் சிக்கலானது. பிஎஃப், எஃப்டி, அஞ்சலக ஆர்டி, எல்ஐசி பாலிசி, ஓடிக்கொண்டிருக்கும் சீட்டு, நகை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டியாக வைத்தால் வருமான வரிப் படிவம் மாதிரி ஆகிவிடும். நகையின் மதிப்பைத் தானாகவே கூட்டிக் காட்டவும் வேண்டாம். அம்மா போட்ட சங்கிலியை விற்கிற எண்ணம் அந்த வீட்டில் யாருக்கும் இருக்காது. "இந்த இலக்குக்காக எடுத்து வைக்கத் தயாராக இருக்கும் பணம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வி போதும். எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதை அவர்கள் வீட்டிலேயே பேசி முடிவு செய்வார்கள்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கடை வைத்திருப்பவர், விவசாயம் பார்ப்பவர். அவர்களுக்கு "வருடத்துக்கு ஒரு முறை" என்ற தேர்வு வேண்டும்.

போன் எண், ஓடிபி, பான் எண் எதையும் பதிலைக் காட்டுவதற்கு முன்னால் கேட்கவே கூடாது. மார்க்கெட்டிங் பக்கத்திலிருந்து அழுத்தம் வரும், லீட் (வாடிக்கையாளராக வரக்கூடியவரின் தொடர்பு விவரம்) வேண்டும் என்பார்கள். பதிலைக் காட்டிய பிறகு, "இதைச் சேமித்து வைக்க வேண்டுமா" என்று கேட்டு வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். எண்ணைக் கொடுத்தால்தான் பதில் என்றால் கொடுக்கப்படுவது பாதி நேரம் பொய் எண்ணாகத்தான் இருக்கும். தவிர, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். இந்தக் கணக்கு முழுவதையும் பயனரின் பிரவுசரிலேயே போட்டுவிடலாம், சர்வருக்கு எதுவும் போகத் தேவையில்லை. அப்படிச் செய்தால் தலைவலி பாதி குறையும், நெட் மெதுவாக இருந்தாலும் கருவி ஓடும்.

தொகையை அடிக்கும் பெட்டி

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஸ்லைடரை எடுத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை போகும் ஒரு ஸ்லைடர், சாதாரண போன் திரையில் அதன் கோடு 300 பிக்சல் நீளம் இருந்தால், ஒரு பிக்சலுக்குச் சுமார் 330 ரூபாய் வருகிறது. விரலை வைத்து யாராலும் சரியாக 5,000ல் நிறுத்த முடியாது. 4,820, 5,150 என்று தாண்டித் தாண்டிப் போகும். ஸ்லைடர் வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் நேரடியாக அடிக்க ஒரு பெட்டி இருக்க வேண்டும், அதுதான் பிரதானமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியை எச்டிஎம்எல்லில் நம்பர் வகையாக வைக்காதீர்கள். அது காற்புள்ளியை ஏற்காது, கணினியில் சில நேரம் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே எண் மாறிவிடும். சாதாரண டெக்ஸ்ட் வகையாக வைத்து, எண் விசைப்பலகை வருவதற்கு இன்புட்மோடு பண்பைக் கொடுங்கள். அடிக்க அடிக்கவே காற்புள்ளி போட்டுக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நடுவில் ஒரு இலக்கத்தைத் திருத்தப் போனால் கர்சர் கடைசிக்குத் தாவும். பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு காற்புள்ளி போட்டால் போதும். அதுவும் 10,00,000 என்று நம் முறையில். 1,000,000 என்று காட்டினால் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே இந்திய முறைக்கான வசதி இருக்கிறது, நீங்களாக எழுத வேண்டாம்.

இன்னொன்று: 10 லட்சம் என்ற நினைப்பில் வெறும் 10 என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்கள் உண்டு. பூஜ்யத்தை ஒன்று கூடவோ குறையவோ போடுபவர்கள் அதைவிட அதிகம். பெட்டிக்குக் கீழேயே உடனுக்குடன் "10 லட்சம் ரூபாய்" என்று எழுத்தில் காட்டிவிட்டால் அவர்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். முழுவதையும் எழுத்தாக்கத் தேவையில்லை, எண்ணும் அலகும் போதும். ஆனால் அலகுகளை அப்படியே ஒட்ட வைக்காதீர்கள். "25 லட்சம் 18 ஆயிரம்" என்று வந்தால் படிக்கும்போது உறுத்தும். "25 லட்சத்து 18 ஆயிரம்", "1 கோடியே 5 லட்சம்" என்று வர வேண்டும். பின்னால் வேறு அலகு வந்தால் ஒரு வடிவம், வராவிட்டால் வேறு வடிவம் என்று ஒரு சின்ன ஃபங்ஷன், பத்து வரியில் முடிந்துவிடும்.

கணக்கு

இது எளிதான பகுதி, சீக்கிரம் முடித்துவிடலாம். முதலில் இன்றைய செலவை விலைவாசி விகிதத்தால் வருடா வருடம் பெருக்கி எதிர்காலத் தொகையைக் கண்டுபிடியுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: மேலே சொன்ன அதே மகளுக்கு வெறும் 10 லட்சத்தை இலக்காக வைத்தால் மாதம் 3,700 போதும் என்று வரும். அந்தக் குடும்பம் நிம்மதியாக 12 வருடம் 3,700 போட்டுவிட்டு, கல்லூரி வாசலில் 15 லட்சம் குறைவாக நிற்கும்.

அடுத்து மாதத் தொகை. மாத விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி, மாதங்களின் எண்ணிக்கைக்கு அடுக்கு ஏற்றி, அதில் ஒன்றைக் கழித்து, மாத விகிதத்தால் வகுத்து, மாதத் தொடக்கத்திலேயே பணம் போவதாக இருந்தால் மறுபடி ஒன்றும் மாத விகிதமும் சேர்ந்ததால் பெருக்குங்கள். எதிர்காலத் தொகையை இதனால் வகுத்தால் மாதத் தவணை. கையிருப்பு இருந்தால் அது எவ்வளவாக வளரும் என்று பார்த்து முதலிலேயே கழித்துவிடுங்கள்.

மாத விகிதத்தை எப்படி எடுப்பது என்பதில் இரண்டு பழக்கம் இருக்கிறது. 10ஐ 12ஆல் வகுப்பது ஒன்று, ஆண்டு முடிவில் சரியாக 10% வருகிற மாதிரி பன்னிரண்டாம் படிமூலம் எடுப்பது இன்னொன்று. நம் உதாரணத்தில் முதல் முறைக்கு 9,034, இரண்டாவதற்கு 9,316. உங்கள் கருவியும் வேறொரு தளமும் வேறு வேறு எண் காட்டுகின்றன என்று யாராவது சண்டைக்கு வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஆண்டுக்கு 10% என்று திரையில் எழுதிவிட்டு உள்ளே 10.47% கணக்குப் போடுவது நியாயமில்லை.

வளர்ச்சி 0% என்று யாராவது போட்டால் பூஜ்யத்தால் வகுக்கப் போய், தொகை வர வேண்டிய இடத்தில் "NaN" (எண் அல்ல) என்று ஒரு வெட்டி மதிப்பு வந்து நிற்கும். அந்த ஒரு நிலைக்கு மட்டும் தொகையை மாதங்களால் நேராக வகுத்துவிடுங்கள். மாதம் பூஜ்யம், மகளுக்கு வயது 19, கையிருப்பே இலக்கைவிட அதிகம் ஆகிய மூன்றையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

எண்ணை எவ்வளவு நம்பச் சொல்வது

9,315.87 என்று பைசா வரை காட்டும் கருவியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 12 வருடம் கழித்துச் சந்தை எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாத நிலையில் பைசா எதற்கு? நூறு ரூபாய்க்கு முழுமையாக்கி "சுமார் 9,300" என்று போடுங்கள். அப்புறம், ஒரே எண்ணாக இல்லாமல் ஒரு வரம்பாகக் காட்டுங்கள்: 8% வளர்ந்தால் மாதம் 10,600, 10% என்றால் 9,300, 12% என்றால் 8,200. மூன்றும் ஒரே வரியில். ஸ்லைடரில் 15%, 18% என்று இழுக்க விடாதீர்கள். இழுத்தால் தொகை குறைவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதான், வேறு பயனில்லை.

முன்கூட்டியே போட்டு வைக்கும் விகிதம் காலத்தைப் பொறுத்து மாற வேண்டும். மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணத்துக்கு 6%க்கு மேல் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை, ஏழு வருடத்துக்கு மேல் என்றால் 10% வரை போகலாம். 2020 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அந்த ஏப்ரலில் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்த ஒருவரை நினைத்துக்கொண்டு, "கடைசி வருடத்தில் சந்தை 30% விழுந்தால்?" என்று ஒரு பொத்தான் வையுங்கள். வழவழவென்று மேலே ஏறும் வளைகோட்டு வரைபடத்தைவிட அது நிறையச் சொல்லும்.

பங்குச் சந்தை வேண்டாம் என்பவர்களுக்குப் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), செல்வமகள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றின் விகிதத்தையும் தேர்வாக வைக்கலாம். ஆனால் விதிகளையும் சேர்த்து வையுங்கள். இரண்டிலும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்தான் உச்சவரம்பு, செல்வமகள் கணக்கைப் பெண் குழந்தைக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்கியாக வேண்டும், முதிர்வு 21 வருடம் கழித்து. நம் உதாரணத்து மகளுக்கு அப்போது 27 வயதாகியிருக்கும். 18 வயதுக்கு மேல் படிப்புக்காக ஒரு பகுதியை எடுக்கலாம் என்ற விதியைச் சொல்லாமல் வட்டி விகிதத்தை மட்டும் போட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

இன்ன மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள் என்று பெயர் சொல்லும் ஆசை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்வதற்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பதிவு வேண்டும். கணக்கோடு நிற்பது நல்லது. அதற்கு மேல் போவதாக இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் திரை

ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசி நாளில் மொழிபெயர்ப்பை ஒட்டினால் பொத்தானெல்லாம் பிதுங்கும். தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துகள் மேலும் கீழும் இடம் கேட்கும். முதல் நாளிலிருந்தே தமிழ் வரியை வைத்து வரையுங்கள், வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். "பணவீக்க விகிதத்தை உள்ளிடுக" என்பதைவிட "இந்தச் செலவு வருடத்துக்கு எவ்வளவு ஏறும்?" என்று கேட்டால் சட்டென்று புரியும். பச்சை, சிவப்பு நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சொல்லும் வேண்டும்.

பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பொத்தான் அவசியம். இப்படிப்பட்ட முடிவைத் தனியாக எடுப்பவர்கள் குறைவு, கணவனுக்கோ மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பித்தான் கேட்பார்கள். படமாக அனுப்பாமல் நாலு வரி எழுத்தாக அனுப்புங்கள், எந்த விகிதங்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

நாலைந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

சக டெவலப்பர்களிடம் கொடுத்துப் பயனில்லை. அரசு வேலையில் இருக்கும் சித்தப்பா, மாவு அரைத்து விற்கும் பக்கத்து வீட்டு அக்கா, புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி என்று நாலைந்து பேர் போதும். அவர்களுடைய போனிலேயே திறந்து கொடுத்து, "உங்களுக்கு நிஜமாகவே இருக்கும் ஒரு செலவை நினைத்துக்கொண்டு இதில் போட்டுப் பாருங்கள், தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். அவர்கள் திணறும்போது "அந்தப் பொத்தானை அழுத்துங்க அக்கா" என்று சொல்லத் துடிக்கும். சொல்லக் கூடாது. எங்கே விரல் நிற்கிறது, எதைத் திரும்பப் படிக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த 25 லட்சம் கண்டிப்பாகக் கிடைக்குமா?" ஆமாம் என்றால் உங்கள் கடைசித் திரை இன்னும் சரியாக வரவில்லை. மறுபடி தாளுக்குப் போக வேண்டியதுதான்.

வெளியிட்ட பிறகு ஒரு வேலை தொடர்ந்து இருக்கும். சிறுசேமிப்பு வட்டி விகிதங்களை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது, வரி விதிகளும் மாறும். பங்கு சார்ந்த நீண்டகால லாபத்துக்கான வரி 2024 ஜூலையில்தான் 10%லிருந்து 12.5% ஆனது. இந்த எண்களையெல்லாம் நிரலுக்குள் ஆங்காங்கே புதைக்காமல் ஒரே கோப்பில் வைத்து, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்பதைத் திரையின் அடியில் பயனருக்கும் தெரியும்படி போடுங்கள். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வாரத்தில் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும்படி காலண்டரில் ஒரு நினைவூட்டலும் வைத்துவிடுங்கள்.